மூடியைத் திறக்காமல் முறுக்கை எண்ணலாமா?

வீட்டுக்குள் விஞ்ஞானம்: திருப்பூரிலிருந்து ஓர் இல்லத்தரசி எழுதும் பகுதி



சென்ற இதழில் இரும்புச் சத்துக் குறைவைப் பற்றி எழுதியிருந்தேன். முருங்கைக்கீரையை எப்படிச் சமைப்பது, கேழ்வரகுக் கூழை எந்த வயதில் ஆரம்பிப்பது என்றுதான் கடிதங்கள் வரும் என்று நினைத்தேன். பல்லடத்துச் சகோதரி ஒருவர் வேறு கேள்வி கேட்டு மடக்கிவிட்டார். "இரும்புத் தூளை ரத்தத்தில் செலுத்தி, காந்தத்தாலேயே உடம்புக்குள் படம் எடுக்கும் ஸ்கேன் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். காலேஜில் படிக்கிற என் மகன் சொல்கிறான். எக்ஸ்ரேயும் கிடையாது, கேமராவும் கிடையாது என்றால் படம் எங்கிருந்து வருகிறது?" என்று எழுதியிருக்கிறார்.

அதே தபாலில் அவிநாசியிலிருந்து ஓர் இளம் தாயின் கடிதம். "என் மூன்று வயதுக் குழந்தைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். சின்ன உடம்புக்கு அதெல்லாம் ஆகாது என்று மாமியார் தடுக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். ஸ்கேன் படம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துவிட்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் போடத் தெரிந்த நமக்கு இதுவும் வரும்.

பனியன் கம்பெனியில் ஒரு காவல்காரன்

நம் ஊர் பனியன் கம்பெனிகளில் செக்கிங், பேக்கிங் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு மெஷினைத் தெரிந்திருக்கும். ஏற்றுமதிக்குப் போகும் உடுப்புகளை, முக்கியமாகக் குழந்தைகள் உடுப்புகளை, பெட்டியில் அடுக்குவதற்கு முன் ஓடும் பெல்ட்டில் வைத்து அதற்குள் அனுப்புவார்கள். தைக்கும்போது உடைந்த ஊசி முனை எங்கேயாவது துணிக்குள் சிக்கியிருந்தால் மெஷின் சத்தம் போட்டு நின்றுவிடும். நீடில் டிடெக்டர் என்பது அதன் பெயர். ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, முழு ஊசியும் கிடைத்துவிட்டதா என்று பார்த்து, நோட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி கொடுக்கும் வழக்கமும் உண்டு. எங்கோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தையின் மேனியில் குத்திவிடக் கூடாதே என்பதற்காக இத்தனை பாடு.

இந்த மெஷினுக்குள் கேமரா இல்லை. காந்தம் இருக்கிறது, செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. இரும்பு குறுக்கே போனால் காந்தப் புலம் சற்றே கலைகிறது. அந்தக் கலக்கம் கம்பிச் சுருளில் துளி மின்சாரத்தை எழுப்புகிறது. துணிக்கு அது அசையாது, பிளாஸ்டிக் பட்டனுக்கும் அசையாது. இரும்பு ஒன்றுக்குத்தான் அதன் காது திறக்கும்.

ஆனால் சாதாரண மெஷின் சொல்வது "உள்ளே இருக்கிறது" என்பதை மட்டும். எந்த மடிப்பில், எந்தத் தையலில் என்று சொல்லாது. "அப்புறம் நாமதானுங்கக்கா தடவித் தடவிப் பார்க்கோணும்" என்பாள் எங்கள் வீதியில் செக்கிங் வேலைக்குப் போகும் பெண்.

துணியைத் தடவிப் பார்க்கலாம். மூளையைத் தடவிப் பார்க்க முடியுமா? அங்கே "இருக்கிறது" என்ற பதில் போதாது. எந்த இடத்தில், எவ்வளவு என்று இடம் இடமாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதைத்தான் படம் என்கிறோம். புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் எழுதி, எண் பெரிதானால் வெளுப்பாகவும் சிறிதானால் கறுப்பாகவும் காட்டினால் ஸ்கேன் படம் ஆகிவிடும்.

நான்கு டப்பாக் கணக்கு

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி நான்கு எவர்சில்வர் டப்பாக்கள். மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. உள்ளே முறுக்கு இருக்கிறது, எல்லாம் ஒரே எடை. மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு டப்பாவைத் தனியாக நிறுக்கவும் கூடாது. இரண்டிரண்டாகத்தான் தராசில் வைக்கலாம். எதில் எத்தனை முறுக்கு?

மேல் வரிசையை நிறுத்தால் 4 முறுக்கு. கீழ் வரிசை 6. இடப்பக்கம் மேலும் கீழும் சேர்த்து 5. வலப்பக்கமும் 5.

இது போதுமா? போதாது. மேலே 3, 1, கீழே 2, 4 என்று வைத்தாலும் கணக்கு ஒத்துப்போகும். மேலே 2, 2, கீழே 3, 3 என்றாலும் ஒத்துப்போகும். 4, 0, 1, 5 கூடச் சரியாக வரும். ஆகவே இன்னொரு கோணத்திலும் நிறுக்க வேண்டும். மூலைவாட்டில் மேல் இடதையும் கீழ் வலதையும் சேர்த்து நிறுத்தால் 7. மற்ற மூலைவாட்டு 3.

இனி விடையைத் தேடுவோம். முதலில் எல்லா டப்பாவும் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையில் 4 இருக்க வேண்டுமே! ஆளுக்கு 2 கொடுங்கள். கீழ் வரிசையில் 6, ஆளுக்கு 3. இப்போது 2, 2, 3, 3. இடப்பக்கம் 5, வலப்பக்கம் 5, இரண்டும் சரி. முதல் மூலைவாட்டு 2ம் 3ம் சேர்ந்து 5தான் வருகிறது, 7 வர வேண்டும். குறைந்த 2ஐச் சமமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 கூட்டுங்கள். அவை 3, 4 ஆகின்றன. மற்ற மூலைவாட்டும் 5 இருக்கிறது, 3தான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 1 கழியுங்கள். மேலே 3, 1. கீழே 2, 4. திருப்பி எல்லாக் கூட்டுத்தொகையும் சரிபாருங்கள், ஒன்றுகூடத் தப்பாது. மூடியைத் திறக்காமலே முறுக்கை எண்ணிவிட்டோம்!

குறைந்த இடத்தில் சமமாகக் கூட்டு, மிஞ்சிய இடத்தில் சமமாகக் கழி, சுற்றிச் சுற்றிச் சரிபார். இந்த வழியை 1937ல் எழுதி வெளியிட்டவர் ஸ்டெஃபான் காச்மாஷ் என்ற போலந்து நாட்டுக் கணித மேதை. அவருக்கு ஸ்கேனும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. 1939ல் அவர் காலமானார். அவர் போட்டு வைத்த கணக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

நான்கு டப்பா 6,400 ஆனால்?

சாதாரண எக்ஸ்ரே என்ன செய்கிறது? ஒரு பக்கத்திலிருந்து கதிரை அனுப்பி, வழியில் இருக்கும் எலும்பு, சதை எல்லாம் சேர்ந்து எவ்வளவு தடுத்தன என்ற கூட்டுத்தொகையைக் காட்டுகிறது. ஒரு வரிசையை நிறுத்தது போலத்தான். அதையே சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் எடுத்தால் உள்ளே இருப்பதைப் பிரித்துச் சொல்லிவிடலாம் என்று 1917லேயே யோஹன் ராடன் என்ற ஆஸ்திரிய நாட்டுக் கணித அறிஞர் நிரூபித்திருந்தார். வைத்தியத்துக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்று ஒரு இன்ஜினீயர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகப் பட்டம் வாங்காதவர். கிராமபோன் ரிக்கார்டுக்குப் பெயர் போன இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் செய்த மெஷினில்தான் 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில், ஒரு பெண்மணியின் மூளையை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி இருக்குமோ என்று சந்தேகம். மண்டையைத் திறக்காமலே கட்டி தெரிந்துவிட்டது.

அந்தப் படத்தில் நீளத்துக்கு 80, அகலத்துக்கு 80, ஆக 6,400 கட்டங்கள். நம் நான்கு டப்பாவுக்குப் பதில் 6,400 டப்பா! நாம் ஆறு தடவை நிறுத்தோம். அவர் 180 கோணங்களில், கோணத்துக்கு 160 வீதம் 28,800 தடவை அளந்தார். சரிபார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்தது. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இதே கணக்கை முன்பே தனியாகப் போட்டிருந்த ஆலன் கார்மக்குக்கும் 1979ல் நோபல் பரிசு கிடைத்தது.

சென்னையிலிருந்து ஒரு பெயர்

இந்தக் கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன், சுருக்கமாக ஜி.என். ராமச்சந்திரன். 1922ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தையார் கணிதப் பேராசிரியர். சர் சி.வி. ராமனிடம் பயின்று, 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி கொடுக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போல இருக்கிறது என்று, கோபிநாத் கர்த்தா என்பவருடன் சேர்ந்து 1954ல் உலகத்துக்குச் சொன்னவர் அவரே. நூலை முறுக்கி நூலாக்கும் ஊரில் வாழும் நமக்கு அந்த உருவம் எளிதில் மனதில் படும்.

1971ல் அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் சேர்ந்து அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் சாரத்தைக் கோலத்தை வைத்துச் சொல்கிறேன்.

டப்பாக் கணக்கைச் சுற்றிச் சுற்றிப் போடுவது நேரம் பிடிக்கும் வேலை. வேறொரு வழி, ஒவ்வொரு கோணத்திலும் கிடைத்த கூட்டுத்தொகையை, அது வந்த வழியிலேயே திருப்பி ஒரே சீராகப் பரப்பிவிடுவது. எல்லாக் கோணத்துப் பரப்பலும் ஒன்றன் மேல் ஒன்று விழும்போது, நிஜமாகவே பொருள் இருக்கும் இடம் கனத்துத் தெரியும். ஆனால் அதைச் சுற்றிலும் ஈர வாசலில் போட்ட கோலம் மாதிரி மாவு பரவிக் கசிந்து நிற்கும். இழை எது, கசிவு எது என்று பிரியாது. டாக்டருக்கு அப்படிப்பட்ட படத்தால் என்ன உபயோகம்?

பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு அளவையும் அதன் பக்கத்து அளவுகளோடு ஒப்பிட்டு, அவற்றின் ஒரு பங்கைக் கழித்துவிட்டால், கசிவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். கோலம் பளிச்சென்று நிற்கும். இதைச் செய்ய அதுவரை தெரிந்த வழி, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களை மூச்சு வாங்க வைக்கும் நீண்ட கணக்கு. ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும், அத்தனை தூரம் சுற்றிப் போக வேண்டாம், பெருக்கலும் கூட்டலுமாகவே முடித்துவிடலாம் என்று காட்டினார்கள். வேகமும் கூடியது, படமும் தெளிந்தது. ராமச்சந்திரனில் பாதி, லட்சுமிநாராயணனில் பாதி சேர்த்து அந்தக் கணக்கு வடிகட்டிக்கு 'ராம்-லாக்' என்றே பெயர். படக் கணக்கைப் படிக்கும் மாணவர்கள் உலகமெங்கும் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். ராமச்சந்திரன் 2001ல் சென்னையில் காலமானார்.

இரும்புத் துகள் எப்படிப் படமாகிறது?

இப்போது பல்லடத்துச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். 2005ல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிலிப்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த பெர்ன்ஹார்டு கிளைக், யூர்கன் வைசனெக்கர் என்ற இருவர், காந்தத் துகள் படமெடுப்பு என்ற புது முறையை அறிவித்தார்கள்.

இதற்கு வேண்டிய துகள் இரும்புக்கும் பிராண வாயுவுக்கும் பிறந்த இரும்பு ஆக்சைடு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நானோமீட்டர். இந்தத் துகளின் இரும்புக் கரு சில பத்து நானோமீட்டர் அளவுதான். ரத்தத்தோடு கலந்து, ரத்தம் போகும் இடமெல்லாம் போகும்.

சுற்றிலும் பலமான காந்தங்கள். அவற்றை எதிரும் புதிருமாக வைத்து, நடுவில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் காந்த சக்தி பூஜ்யமாக இருக்கும்படி செய்கிறார்கள். மற்ற இடங்களில் இருக்கும் துகள்கள் எல்லாம் காந்தத்தின் பிடியில் கை கட்டி நிற்கும் பிள்ளைகள். அந்தப் பூஜ்யப் புள்ளியில் இருக்கும் துகள்களுக்கு மட்டும் ஆட சுதந்திரம் உண்டு. வெளியிலிருந்து நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை காந்தத்தை ஆட்டினால் அவை மட்டும் துள்ளும். அந்தத் துள்ளல் கம்பிச் சுருளில் மின்சாரமாகக் கேட்கும். நம் நீடில் டிடெக்டருக்கும் இதற்கும் உறவு புரிகிறதா? அது மொத்தமாகக் கேட்கிறது. இது புள்ளியை நகர்த்தி நகர்த்தி, இடம் இடமாகக் கேட்கிறது. எலும்பும் சதையும் வாயைத் திறக்கா. துகள் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் சத்தம்.

ஆனால் புள்ளி என்று சொன்னாலும் அது ஊசிமுனை அல்ல. பக்கத்தில் இருக்கும் துகள்களும் கொஞ்சம் அசைந்து சத்தத்தில் கலந்துகொள்ளும். ஆக இங்கேயும் கிடைப்பது கூட்டுத்தொகைதான். பிரித்தெடுக்கக் கணக்கு வேண்டும்.

அதற்கு ஒரு முன்னேற்பாடு செய்கிறார்கள். ஆள் இல்லாத வெறும் மெஷினில், ஒரு சொட்டுத் துகளை ஒவ்வொரு கட்டத்திலும் மாறி மாறி வைத்து, "இந்த இடத்தில் இருந்தால் இப்படிக் கேட்கும்" என்று பதிவு செய்துகொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான கட்டங்கள் என்றால் பல மணி நேரம் ஆகும். பிறகு நிஜமான அளவு வந்ததும், எந்த எந்த இடத்தில் எவ்வளவு துகள் இருந்தால் இந்த மொத்தச் சத்தம் வரும் என்று தேடுகிறார்கள். தேடும் வழி என்ன தெரியுமா? 1937ல் போலந்துக்காரர் போட்ட அதே டப்பாக் கணக்கு! சி.டி. ஸ்கேனில் முதலில் புகுந்து, வேகம் போதாமல் பின்னால் தள்ளப்பட்ட வழி, இந்தப் புது மெஷினில் கை கொடுக்கிறது. பாட்டி காலத்து நகை பேத்திக்குப் புது மோஸ்தர் ஆவதில்லையா, அதுபோல. பூஜ்யப் புள்ளிக்குப் பதில் பூஜ்யக் கோட்டை உண்டாக்கிச் சுற்றி வரும் மெஷின்களும் இருக்கின்றன. அங்கே கோட்டுக்குக் கோடு கூட்டுத்தொகை வருவதால், சி.டி. ஸ்கேனைப் போலவே வடிகட்டிப் பரப்பும் கணக்கு உதவுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. அளவில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் கலந்திருக்கும். தராசு முள் நடுங்குவது மாதிரி. அந்த நடுக்கத்தையும் நிஜம் என்று நம்பிக் கடைசி வரை கணக்கை ஒப்பேற்றப் பார்த்தால், விடை தாறுமாறாகிவிடும். ஒரு டப்பாவில் நூறு முறுக்கு, பக்கத்து டப்பாவில் மைனஸ் தொண்ணூறு என்று வந்து நிற்கும். எந்த வீட்டு டப்பாவிலாவது மைனஸ் முறுக்கு இருக்குமா? ஆகவே கம்ப்யூட்டருக்கு இரண்டு புத்திமதி சொல்லி வைக்கிறார்கள். மைனஸ் வந்தால் பூஜ்யம் என்று வை. கணக்கு கொஞ்சம் ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை, விடை அளவோடு இருக்கட்டும். எங்கே விட்டுக்கொடுப்பது என்று தெரிவதுதான் இதில் பெரிய வித்தை. சம்சாரத்திலும் அப்படித்தானே!

இதனால் என்ன லாபம்?

முதல் லாபம், எக்ஸ்ரே கதிர் இல்லை. இரண்டாவது வேகம். 2009ல் துடிக்கும் எலியின் இதயத்தை நொடிக்கு 46 படங்கள் என்ற கணக்கில், நீள அகல உயரத்தோடு எடுத்துக் காட்டினார்கள். மூளைக்கு ரத்தம் போகிறதா, எங்கே அடைத்திருக்கிறது என்று பக்கவாத நோயாளியின் படுக்கை அருகிலேயே பார்க்கலாம் என்ற எண்ணத்தில், மனிதத் தலை அளவுக்கு ஒரு மெஷினை ஹாம்பர்க்கில் செய்து 2019ல் அறிவித்தார்கள்.

இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். இது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துப் பிள்ளைதான். நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக எடுக்கும் ஸ்கேனாக வந்துவிடவில்லை. யாராவது "புது காந்த ஸ்கேன்" என்று சொல்லிப் பணம் கேட்டால், எம்.ஆர்.ஐ.யா வேறு எதுவா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நான் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறேனே, அதுவும் அந்த மெஷினில் தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியாது. ரத்தத்தில் உள்ள இரும்பு அணு அணுவாகப் பிரிந்து, புரதத்தோடு கட்டுண்டு இருக்கிறது. துகளாகத் திரண்டு இருந்தால்தான் அந்தத் துள்ளல் வரும். துகளாகச் செலுத்தும் இரும்பை நம் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து, மெல்ல மெல்ல உடம்பின் இரும்புச் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளும். ஃபெருமோக்சிடால் என்ற இத்தகைய இரும்புத் துகள் மருந்தையே, சிறுநீரகக் கோளாறோடு ரத்தசோகையும் உள்ள பெரியவர்களுக்கு ஊசியாகப் போட 2009ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் டாக்டர் மேற்பார்வையில்தான் போட வேண்டும். நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. நமக்கு முதலில் வேண்டிய இரும்பு சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் இரும்புதான்.

ஸ்கேனுக்குப் போகும் முன்

இனி அவிநாசி சகோதரிக்கு. சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே உண்டு. வளரும் குழந்தைகள் உடம்புக்கு அதன் பாதிப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதும் உண்மை. ஆகவே உங்கள் மாமியார் கவலைப்படுவதில் தப்பில்லை. அதற்காக மறுத்துவிடுவது தீர்வு ஆகாது. "டாக்டர், அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா? முன்பு எடுத்த படம் இருக்கிறது, அது உதவுமா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். சி.டி.தான் வேண்டும் என்று அவர் காரணம் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். விழுந்து தலையில் அடிபட்ட குழந்தை அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு நிமிஷமும் வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. அங்கே ஸ்கேன் உயிரைக் காக்கும்.

எல்லோருக்கும் பொதுவாகச் சில விஷயங்கள்:

1. அசையாமல் இருப்பது மிக அவசியம். மேல், கீழ் வரிசைகளை நிறுத்து முடித்த பிறகு, கீழ் வலது டப்பாவிலிருந்து ஒரு முறுக்கு மேல் வலதுக்கு இடம் மாறியது என்று வையுங்கள். பக்கங்கள் அதே 5, 5. மூலைவாட்டுகள் 6, 4 என்று வரும். நம் வழியில் கணக்குப் போட்டால் மேலே இரண்டரை, ஒன்றரை, கீழே இரண்டரை, மூன்றரை என்று விடை கிடைக்கும். எல்லாக் கூட்டுத்தொகையும் சரியாகவே இருக்கும். ஆனால் அது பழைய நிலையும் இல்லை, புதிய நிலையும் இல்லை. குழந்தை நடுவில் அசைந்தால் படம் மங்குவது இதனால்தான்.

2. சின்னக் குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்து எடுப்பதாக இருந்தால், எத்தனை மணி நேரம் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறார்களோ அதன்படி நடங்கள். "பாவம், பசிக்குமே" என்று ஒரு வாய் பால் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது மூச்சுக்குழாயில் ஏறினால் ஆபத்து. தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

3. எம்.ஆர்.ஐ. என்றால் பெரிய காந்தம். தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு, வளையலில் கோத்த ஊக்கு, ஹேர்பின், புடவைப் பின் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, கூட மாட்டியிருக்கும் ஊக்கை இழுத்துவிடும். கழற்றச் சங்கடப்பட்டால் அங்கே இருப்பவரிடம் சொல்லி யோசனை கேளுங்கள்.

4. இது நம் ஊருக்காகவே எழுதுகிறேன். ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு விரலில் ஊசி ஏறிய அனுபவம் இருக்கும். முனை உள்ளேயே தங்கிவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தால், பத்து வருஷம் முந்தியது ஆனாலும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையும் முன் சொல்லிவிடுங்கள். பட்டறையில், லேத்தில் வேலை பார்க்கும் வீட்டு ஆண்களின் கண்ணில் இரும்புப் பொடி தெறித்தது உண்டா என்றும் கேட்டு வையுங்கள். சொன்னால் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் காந்தம் அதை அசைத்துவிடக் கூடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பதையும், ஆபரேஷனில் கிளிப், பிளேட் வைத்திருப்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

5. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால், எக்ஸ்ரேக்கும் சி.டி.க்கும் முன் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

6. எடுத்த படங்களையும் சி.டி. தட்டையும் ரிப்போர்ட்டோடு ஒரே பையில் போட்டுப் பீரோவில் வையுங்கள். மறுபடி எடுக்காமல் மிச்சப்படும் கதிரும் பணமும் உங்களுடையது.

ஸ்கேன் மெஷின் எத்தனை கோடி விலை ஆனாலும், அதற்குத் தெரிந்தது நாம் கொடுக்கும் அளவுகளை வைத்துக் கூட்டிக் கழிப்பது மட்டுமே. நாம் அசையாமல் இருந்து, உடம்பில் இருப்பதை ஒளிக்காமல் சொன்னால் கணக்கு சரியாக வரும். அந்தப் பங்கை மெஷினும் செய்யாது, டாக்டரும் செய்ய முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

டப்பாக் கணக்கை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். நான்குக்குப் பதில் ஒன்பது டப்பா வைத்தால் எத்தனை தடவை நிறுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பிள்ளைகளின் விடைகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில், சாயப்பட்டறை வேலைக்குப் போகும் சகோதரிகளின் கை எரிச்சலும் தோல் வெடிப்பும் பற்றி எழுதுகிறேன்.